சாந்தாமணி வாங்கின ரோபோ

வாம்மா, இப்படிக் கிட்ட வந்து உட்கார். அந்த ஜன்னலோரம் காற்று அடிக்கிற அடியில் நான் சொல்வதில் பாதி கோயம்புத்தூருக்கே திரும்பிப் போய்விடும். சத்தம் போட்டுச் சொல்கிற சங்கதியும் இல்லை இது. காலை நீட்டிக்கொள், பரவாயில்லை. முதலில் இந்தத் தண்ணி பாட்டில் மூடியைக் கொஞ்சம் திருகிக் கொடு. இந்தக் கட்டைவிரல் சில நேரம் சொன்ன பேச்சு கேட்காது. ஆங், போதும்.

இந்தப் பெட்டி பேரனுக்கா என்று கேட்டாய் இல்லையா? கேட்கத்தான் கேட்பாய். பெட்டி மேல் ரோபோ படம், அதன் கையில் ஒரு வாள். அதை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கிழவி உட்கார்ந்திருந்தால் யார் பார்த்தாலும் அதைத்தான் கேட்பார்கள். டிக்கெட் பார்க்க வந்தவர்கூடச் சிரித்துவிட்டுத்தான் போனார். பேரனும் இல்லை, பேத்தியும் இல்லை. எனக்குக் கல்யாணமே இல்லை. இது எனக்காம். எனக்கு! அறுபத்து மூணு வயசில் ரோபோ பொம்மை! கொடுத்தது யார் என்றால் என் தம்பி பெண்டாட்டி சாந்தாமணி. அந்தத் தெருவே அவளைக் கெட்டிக்காரி என்கிறது. நான் இல்லை என்று சொல்லவில்லை. கெட்டிக்காரிதான். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நாலு மாசம் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

என் பெயர் பூங்காவனம். அம்பத்தூர். எஸ்டேட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் வெட்டினேன். என்ன வெட்டினாய் என்று கேள். சொல்கிறேன், இது தெரியாவிட்டால் மீதிக் கதை உனக்கு விளங்காது. மெஷின் வாயைத் திறந்தால் பிளாஸ்டிக் சாமான் தனித்தனியாக விழாது. முருங்கைக் கீரை ஈர்க்கில் இலை ஒட்டிக்கொண்டு வருகிற மாதிரி, ஒரு காம்பில் பத்து இருபது துண்டு ஒட்டிக்கொண்டு சூடாக வரும். காம்புக்கு ரன்னர் என்று பெயர். கட்டரை வைத்து ஒவ்வொரு துண்டாக வெட்ட வேண்டும், பிசிறைப் பிளேடால் சீவ வேண்டும், ஒரே ஜாதியை ஒரே டிரேயில் போட வேண்டும். ரன்னரைப் பொடிப்பொடியாக நறுக்கிக் கிரைண்டரில் போட வேண்டும், அது அரைபட்டு மறுபடி மெஷினுக்குப் போகும். சுவிட்சுப் பொத்தான், மிக்சி குமிழ், பேனா மூடி, என்னென்னவோ. எங்கே போகும், எதில் மாட்டுவார்கள், அது நமக்குத் தெரியாது. வெட்டு, சீவு, போடு. அவ்வளவுதான்.

அந்தச் சம்பளத்தில்தான் தம்பியை வளர்த்தேன். தணிகாசலம். எனக்கும் அவனுக்கும் பதிமூணு வயசு வித்தியாசம். அவனுக்கு நாலு வயசு ஆனபோது அம்மா போய்விட்டாள். அன்றையிலிருந்து அவன் சாப்பிட்டது என் கையால். அவனுக்குப் பால் பல் விழுந்தபோது சாணியில் பொதிந்து கூரை மேல் எறிந்தவள் நான். ஐ.டி.ஐ. படிக்க வைத்தேன். லிஃப்ட் மெக்கானிக் ஆனான். கம்பெனி அவனைக் கோயம்புத்தூருக்கு அனுப்பியது, அங்கேயே பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்டான். ஒரு மகள், திருச்சியில் ஹாஸ்டலில் படிக்கிறாள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, இந்தப் பங்குனி வரைக்கும்.

பங்குனியில் ஒரு காலை, பல் விளக்கிக்கொண்டு நின்றவன் அப்படியே சரிந்துவிட்டான். வலது பக்கம் வாதம். ஆஸ்பத்திரியில் காப்பாற்றிக் கொடுத்தார்கள். கால் வந்துவிட்டது. பேச்சு குழறலாக வந்துவிட்டது. வலது கை மட்டும் வரவில்லை. தோளில் மாட்டின துணி மாதிரித் தொங்குகிறது. கம்பெனிக்காரர்கள் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, ஆவணி வரைக்கும் வேலையை வைத்திருப்போம் என்று சொன்னார்கள். ஆவணி முதல் வாரம் வந்து வலது கையால் திருப்புளி பிடித்து ஒரு ஸ்குரூ முடுக்கிக் காட்டினால், ஏறி இறங்கும் வேலை வேண்டாம், ஒர்க்ஷாப்பில் உட்கார்ந்து செய்கிற வேலை தருவார்களாம். இல்லையென்றால் வீட்டோடு இருக்க வேண்டியதுதான். ஐம்பது வயசில் வீட்டோடு! ஒரு ஸ்குரூவில் நிற்கிறது அம்மா அவன் பிழைப்பு. அது கேள்விப்பட்டதும் சித்திரையில் பெட்டியோடு ஓடினேன்.

போன முதல் நாளே பார்த்தேன் அந்தக் கண்றாவியை. என் தம்பி சாப்பிட உட்கார்ந்திருக்கிறான். அவனுடைய நல்ல கை, இடது கை இருக்கிறதே, அதில் மகளுடைய பழைய பள்ளிக்கூடச் சாக்ஸை மாட்டி மணிக்கட்டில் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறாள் சாந்தாமணி. திருடனுக்கு விலங்கு மாட்டின மாதிரி! விளங்காத கையில் ஒரு ஸ்பூன். ரசம் சாதம் வாய்க்குப் போவது நாலு பருக்கை, தாடையில் வழிவது நாற்பது பருக்கை. லுங்கியெல்லாம் ரசம். கண் கொண்டு பார்க்க முடியவில்லை. சீ, கருமம், நாய்கூட அதைவிடச் சுத்தமாகத் தின்னும். இவள் எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டு இருக்கிறாள்!

நான் ஸ்பூனைப் பிடுங்கினேன். “நகருடி. என் தம்பிக்கு நான் ஊட்டுறேன்.”

“உடுங்க அண்ணி. அவரே சாப்புடட்டுங்க.”

“சிந்துது பாரு!”

“சிந்துனா தொடச்சுக்கலாமுங்க.”

“கட்டின புருஷனுக்கு ஒரு வாய் ஊட்ட உனக்குக் கை வளையாதா?”

அவள் பாட்டுக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அதுதான் அவளிடம் எனக்கு ஆகாத குணம். சண்டை போட்டால் பதிலுக்குச் சண்டை போட வேண்டாமா? ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கிற பெண் அப்படித்தான் சொன்னாளாம். நல்ல கையைக் கட்டிப் போட்டால்தான் கெட்ட கை எழுந்து வருமாம். நான் கேட்கிறேன், ஓடுகிற மெஷினை நிறுத்தினால் நின்றுபோன மெஷின் ஓடுமா? எந்த ஊர் நியாயம் இது?

வைகாசியில் ஒரு நாள் கூரியர்காரர் ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்தார். இதே மாதிரிப் பெட்டி, இதே படம். சாந்தாமணி போனில் பார்த்து வரவழைத்தாளாம்.

“இது என்னடி?”

“ரோபோங்க அண்ணி. புதுசா செய்யறவங்களுக்குன்னே போட்டதுங்க. பசை வேண்டாம், பெயிண்ட் வேண்டாம். வெட்டி எடுத்து மாட்டுனா நின்னுக்கும்.”

“யாருக்கு?”

“அவருக்குத்தானுங்க. விரலுக்குச் சின்ன வேலையாக் குடுக்கச் சொன்னாங்க. மாவு பிசைய வெச்சேன், மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. மெக்கானிக் இல்லீங்களா, இதுன்னா பார்ப்பாரு.”

பெட்டியைத் திறந்தாள். அந்த வாசனை வந்தது பார், எனக்கு மூக்கு எரிந்தது. இருபத்திரண்டு வருஷம் தலைமுடியில் ஒட்டிக்கிடந்த வாசனை. எட்டிப் பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டது. உள்ளே இருந்தது என்ன தெரியுமா? ரன்னர்! வெள்ளையில் ஒன்று, நீலத்தில் ஒன்று, சிவப்பில் ஒன்று, சாம்பலில் ரெண்டு. துண்டெல்லாம் காம்பில் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. வெட்டாத சரக்கு!

“ஏமாந்துட்டியேடி பாவி! ஆள் போட்டு வெட்டாம, வேலை முடியாத சரக்கை உன் தலையில கட்டியிருக்கான். திருப்பி அனுப்பு!”

“அது அப்படித்தானுங்க வரும். நாமதான் வெட்டிக்கோணும்.”

“வெட்டுறதுக்கு எனக்குச் சம்பளம் குடுத்தாங்கடி! நீ காசு குடுத்து வாங்கி வெட்டப் போறியா?”

என் தம்பி சிரித்தான். பங்குனிக்கு அப்புறம் அன்றைக்குத்தான் சிரித்தான், வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு. “அக்கா, உன் ஷிப்டு, வந்துடுச்சு” என்றான். ஒவ்வொரு வார்த்தையும் சேற்றில் கால் வைத்து எடுக்கிற மாதிரி வந்தது. அந்தச் சிரிப்புக்காக அன்றைக்கு ஒரு நாள் அவளை விட்டேன்.

ஆனால் அதற்கு அப்புறம் தினம் நடந்தது இருக்கிறதே, அதைப் பார்க்க இரும்பு நெஞ்சு வேண்டும். காலையில் இட்லி சாப்பிட்டதும் மேஜை மேல் ரன்னரை வைப்பாள். இடது கையில் சாக்ஸை மாட்டுவாள். வலது கையில் கட்டரைச் சொருகுவாள். அவன் தாளில் இருக்கிற படத்தைப் பார்ப்பான், ஏதோ எழுத்தைப் படிப்பான், ரன்னரில் தேடுவான், கட்டரை வைப்பான், கட்டர் விழும். எடுப்பான், வைப்பான், விழும். நெற்றியெல்லாம் வேர்க்கும். ஒரு நாளைக்கு இரண்டு துண்டு. இரண்டே இரண்டு! அதுவும் எப்படி, வெட்டின இடம் எலி கடித்த மாதிரி. என் கம்பெனியாக இருந்தால் முதல் நாளே கேட்டுக்கு வெளியே அனுப்பியிருப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற எனக்குக் கை அரித்தது. வைகாசி போய் ஆனி வந்தது. ரன்னர் எல்லாம் முக்கால்வாசி அப்படியே கிடக்கிறது. இந்த வேகத்தில் போனால் ஆவணி இல்லை, அடுத்த ஆவணி வந்தாலும் ஆகாது.

ஆனியில் ஒரு வியாழக்கிழமை இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வர மத்தியானம் ஆகும். நான் சாம்பாரை அடுப்பில் வைத்துவிட்டு மேஜையைப் பார்த்தேன். யோசித்துப் பார். வெட்டுகிற வேலையை நான் முடித்து வைத்தால் தம்பி மாட்ட வேண்டியதுதான் பாக்கி. சீக்கிரம் மாட்டுவான், கை சீக்கிரம் வரும், ஆவணியில் ஸ்குரூ முடுக்குவான். இதில் என்ன தப்பு? கூடப் பிறந்தவள் செய்யாமல் யார் செய்வது?

உட்கார்ந்தேன் அம்மா. கட்டரைக் கையில் எடுத்ததும் கை தானாக ஓடியது. அந்த வேலையை விட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று, கை மறக்கவில்லை. நடுவில் இரண்டு தடவை கட்டைவிரல் மடங்கினது மடங்கினபடி நின்றுவிட்டது. மற்ற கையால் நிமிர்த்திவிட்டு வெட்டினேன். சாம்பார் கொதித்து இறங்குவதற்குள் அத்தனை ரன்னரும் மொட்டை. பிளேடு எடுத்து ஒவ்வொன்றாகச் சீவினேன். விரலால் தடவினால் வெட்டின இடம் தெரியாது, அவ்வளவு வழுவழுப்பு. ஜாதி பிரித்தேன். பட்டையாக இருப்பது ஒரு கிண்ணம், குழியாக இருப்பது ஒரு கிண்ணம், முளை வைத்தது ஒரு கிண்ணம். ரன்னரை விரல் நீளத்துக்கு நறுக்கி வைத்தேன். சரியாகக் குப்பை வண்டி விசில் ஊதியது. கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, கை கழுவிக்கொண்டு, அவர்கள் வருகிற வழியைப் பார்த்து வாசலில் நின்றேன். என்ன சொல்லுவார்கள், எப்படி மெச்சுவார்கள் என்று மனசில் ஒரு கும்மாளம்.

வந்தார்கள். தம்பி கிண்ணங்களைப் பார்த்தான். நாற்காலியில் உட்கார்ந்தான். சாந்தாமணி ஒரு துண்டை எடுத்து இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள்.

“அண்ணி, ரன்னரெல்லாம் எங்கீங்க?”

“வண்டியில போட்டேன். பொடிசா நறுக்கித்தான் போட்டேன், பயப்படாத.”

“அதுலதானுங்க நம்பர் இருந்துச்சு.”

எனக்கு விளங்கவில்லை. அப்புறம் சொன்னாள். ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில், ரன்னரில் ஒரு எண் போட்டிருக்குமாம். தாளில் இன்ன எழுத்து, இன்ன எண், இதை இதில் மாட்டு என்று இருக்குமாம். துண்டில் எண் கிடையாதாம். ரன்னர் போனால் எது எது என்று பிரம்மாவுக்கும் தெரியாதாம்.

நீயே நியாயத்தைச் சொல். ரன்னரில் எழுத்து இருந்தால் அது டை என்கிற அச்சைச் செய்கிறவன் தன் சௌகரியத்துக்கு வெட்டினது. இருபத்திரண்டு வருஷத்தில் அதை நான் ஒரு நாள் படித்ததில்லை. சூப்பர்வைசரும் படித்ததில்லை. தூக்கிப் போடுகிற காம்பில் எவனாவது முக்கியமானதை எழுதி வைப்பானா? இது யார் தப்பு? என் தப்பா?

தணிகாசலம், “போச்சுக்கா” என்றான். குழறாமல் சொன்னான். பங்குனிக்கு அப்புறம் குழறாமல் வந்த முதல் வார்த்தை அதுதான். அதைச் சொல்லிவிட்டு அந்தச் செத்த கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தான். அவள் கத்துவாள், கத்தட்டும், நாலு வார்த்தை திட்டினால் நானும் நாலு வார்த்தை திட்டி அழுது தீர்க்கலாம் என்று நின்றேன்.

அவள் என்ன செய்தாள்? அடுப்படிக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணி குடித்தாள். பெரிய எவர்சில்வர் தாம்பாளம் ஒன்றை எடுத்துவந்து மேஜை மேல் வைத்தாள். நான் ஜாதி பிரித்து வைத்திருந்த கிண்ணம் ஒவ்வொன்றையும் எடுத்து, கடகடவென்று அதில் கொட்டிக் கலந்தாள். கலந்தாள் அம்மா! அரிசியும் உளுந்தும் ஒன்றாகக் கொட்டுகிற மாதிரி! என் உழைப்பெல்லாம் ஒரு நொடியில் கூளம்.

“ஏனுங்க, இங்க பாருங்க” என்றாள் அவனிடம். “வெட்டற வேலை முடிஞ்சுது. இனித் தேடற வேலை. படத்தைப் பாருங்க, வலது கையில ஒண்ணு எடுங்க, திருப்பிப் பாருங்க. அதில்லீன்னா கீழ வெச்சுட்டு வேற எடுங்க. லிஃப்ட்ல பார்ட்டு கண்டுபுடிக்கறவருக்கு இது பெருசா?” சொல்லிக்கொண்டே அந்தச் சாக்ஸை மாட்டிவிட்டாள்.

நாலு நாள் கழித்துப் பயிற்சி கொடுக்கிற பெண் வீட்டுக்கு வந்தாள். தாம்பாளத்தைப் பார்த்தாள். அவன் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கித் திருப்பித் திருப்பி வைப்பதைப் பார்த்தாள். “வெட்டறதைவிட இது ரொம்ப நல்லா இருக்கே, யார் யோசனை?” என்றாள்.

“எங்க அண்ணி யோசனைங்க” என்றாள் சாந்தாமணி.

பழியையா பாராட்டையா, எதைத் தூக்கி என் தலையில் வைத்தாள் என்று எனக்கு இன்றுவரைக்கும் விளங்கவில்லை. எதுவானாலும் என்னைக் கேட்காமல் வைத்தாள்.

அத்தோடு விட்டாளா? “அண்ணி, இது இடது காலா வலது காலா?” என்று ஒன்றைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவாள். அது எனக்குத் தெரியாமல் போகுமா? மெஷின் துண்டைத் தள்ளிவிடும்போது உள்பக்கம் ஊசித் தழும்பு விழும். அதை விரலால் தடவினாலே எது உள்பக்கம், எது வெளிப்பக்கம், எது எதற்கு ஜோடி என்று சொல்லிவிடுவேன். “இடதுடி.” “இது?” “அதுக்கு ஜோடி இன்னொண்ணு இருக்கும், தேடச் சொல்லு.” இப்படியே ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு என் மத்தியானத் தூக்கத்தையே கெடுத்துவிட்டாள். சாப்பிட்டு முடித்ததும் நான் போய் மேஜையில் உட்கார வேண்டியது, விளக்கு வைக்கிற நேரத்துக்கு எழுந்திருக்க வேண்டியது. நான் ஒன்றும் விளையாடவில்லை. கேட்டதற்குச் சொன்னேன், அவ்வளவுதான். ஒரு நாள் முழங்காலை அவன் தன் வலது கையால் அழுத்தினான், ‘டக்’ என்று உட்கார்ந்தது. சொல்கிறேன் கேள், அது சரியான டக். டை நல்ல டை. பிசிறு கிடையாது, சுருக்கம் கிடையாது. ஒரு துண்டு இன்னொரு துண்டில் போய் உட்காருகிற சத்தத்தை இருபத்திரண்டு வருஷத்தில் நான் கேட்டதில்லை. “அக்கா, இன்னொரு தடவை?” என்றான். கழற்றி மறுபடி மாட்டினான், எனக்காக. சரி, அதை விடு.

கால் இரண்டும் நின்றது. உடம்பு நின்றது. ஆடி பிறந்தது. ஆவணிக்கு ஒரு மாசம்கூட இல்லை. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அந்தக் கூத்து மாறவில்லை. தாம்பாளத்தில் பொடித் துண்டைப் பொறுக்குகிற கை ஸ்பூனைத் தூக்க மாட்டேன் என்கிறது. தட்டு வைத்ததும் அவன் என்னைப் பார்ப்பான். வாய் திறந்தும் திறக்காமலும் இருக்கும், குருவிக் குஞ்சு மாதிரி. பெற்ற வயிறு இல்லை, வளர்த்த கை அம்மா இது. பார்த்துக்கொண்டு இருக்குமா? அவள் குளிக்கப் போனால், கடைக்குப் போனால், சாக்ஸைக்கூடக் கழற்றாமல் நாலு உருண்டை உருட்டி அவன் வாயில் போட்டுவிடுவேன். நாலே நாலு. அவனும் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவான். சிந்தாது, வழியாது, எவ்வளவு சுத்தம்!

போன வாரம் ரேஷன் கடைக்குப் போனவள் கார்டை மறந்துவிட்டுத் திரும்பி வந்தாள். என் கையில் உருண்டை, அவன் வாய் திறந்திருக்கிறது. நின்று பார்த்தாள். கார்டை எடுத்தாள். அவன் வாயோரத்தைத் தன் முந்தானையால் துடைத்தாள். அப்புறம் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அண்ணி, ஒண்ணு கேக்கட்டுங்களா? அவரு கை எப்ப வேலை செய்யுதுன்னு பார்த்திருக்கீங்களா?”

“எப்ப?”

“நீங்க மாடியில துணி காயப் போடப் போறப்பதானுங்க. ஸ்பூன் வாய் வரைக்கும் போகுதுங்க. நீங்க எறங்கி வர்ற சத்தம் கேட்டதும் கீழ வெச்சுடறாரு.”

நான் தம்பியைப் பார்த்தேன். “ஏண்டா, இவ சொல்றது நிஜமா?” அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? வாய் வராத மாதிரி இருந்தான். வந்த வாய்தானே!

“இன்னும் இருவது நாளு கூட முழுசா இல்லீங்க அண்ணி. நீங்க ஊருக்குப் போயிட்டு ஆவணி கழிச்சு வாங்க. எத்தனை நாளு வேணும்னாலும் இருங்க. இப்ப மட்டும் போயிட்டு வாங்க.”

பதினெட்டாம் பெருக்குக்குக்கூட இருக்க வேண்டாமாம்! வளர்த்தவளைப் பெட்டி கட்டி அனுப்புகிறாள், அதையும் ‘ங்க’ போட்டு மரியாதையாகச் சொல்லி அனுப்புகிறாள். டிக்கெட் எடுத்தாயிற்று, ஜன்னலோரமாகப் பார்த்து எடுத்தாளாம். நோயாளி வீட்டில் நோயே நான்தான் என்கிற மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை. அவள் இரண்டு தடவை வந்து கூப்பிட்டாள், மூணாவது தடவை கூப்பிடுவாள் என்று இருந்தேன், கூப்பிடவில்லை. தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். கெட்டிக்காரி!

இன்றைக்குக் காலையில் எலுமிச்சம்பழச் சாதம் கட்டிக்கொடுத்தாள். அதோடு இந்தப் பெட்டி, எனக்கென்று இன்னொன்று வரவழைத்தாளாம். இப்படி மூடியைத் திற, பார். புதுசுகூட இல்லை, பிரித்த பெட்டி. ஒரு ரன்னரும் கிடையாது. எல்லாவற்றையும் வெட்டி வைத்திருக்கிறாள். அவளே வெட்டினாளாம், மூணு நாளாக, நான் தூங்கின அப்புறம். வெட்டின லட்சணத்தைப் பார். எல்லாம் துருத்திக்கொண்டு நிற்கிறது, பிசிறு சீவவே இல்லை. தூ, இதெல்லாம் ஒரு வெட்டா? ஒவ்வொரு துண்டையும் ஒரு சின்னக் கவரில் போட்டு, கவர் மேல் பேனாவால் எண் எழுதியிருக்கிறாள். நூற்றுச் சொச்சம் கவர். அதுவும் என் கண்ணுக்குத் தெரிகிற மாதிரிக் கொட்டை கொட்டையாக. ஏன் எழுதியிருக்கிறாள், தெரிகிறதா? நான் செய்த தப்பைக் குத்திக்காட்ட! ஒரு தடவை இல்லை, நூறு தடவை!

“கட்டர் எங்கேடி?” என்று கேட்டேன்.

“கட்டர் வேண்டாமுங்க. கட்டரைத் தொட்டீங்கன்னா அந்த வெரல் இன்னும் பூட்டிக்கும். நீங்க மாட்ட மட்டும் மாட்டுங்க.”

“என் விரலுக்கு என்னடி?”

“ஒண்ணுமில்லீங்க.” அப்புறம் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே சொல்கிறாள், “இருவத்திரெண்டு வருசம் வெட்டியே குடுத்திருக்கீங்க அண்ணி. ஒண்ணாச்சும் மாட்டிப் பார்த்திருக்கீங்களா?”

எவ்வளவு திமிர் பார்! இருபத்திரண்டு வருஷம் பிடித்த கட்டரை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, பொம்மையைக் கொடுத்து அனுப்புகிறாள். நான் இதைத் தொடப் போவதில்லை. வீட்டுக்குப் போனதும் பரண் மேல் போட்டுவிடுவேன். இல்லை, கால் மட்டும் மாட்டிப் பார்ப்பேன், அந்த டை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. அதற்கு மேல் தொட மாட்டேன். அங்கே அவன் ரோபோவுக்குத் தலை இன்னும் வைக்கவில்லை. ஸ்குரூ முடுக்குகிற அன்றைக்குக் காலையில் வைத்துவிட்டுக் கிளம்புவானாம். அவள் சொன்னாள்.

ஆனால் இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கடைசியாக ஸ்டேஷனில் ஒன்று செய்தாளே, அதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

இரண்டு பேரும் வண்டி ஏற்றிவிட வந்தார்கள். தம்பி தடி இல்லாமல் நடந்து வந்தான். இந்த ஜன்னலுக்கு நேரே நின்றான். சாக்ஸ் இல்லை, வெளியே வருகிறானே என்று கழற்றியிருந்தாள். நான் உள்ளே உட்கார்ந்து அவன் முகத்தையே பார்க்கிறேன். வண்டி ஊதியது. மெல்ல நகர்ந்தது. அக்காவுக்கு டாட்டா காட்ட இடது கையைத் தூக்கினான் பாவம், இத்தனை மாசம் வேலை செய்த கை அதுதானே. தூக்கின கையை அவள் எட்டிப் பிடித்தாள். தன் இரண்டு கையாலும் பிடித்து இழுத்துத் தன் இடுப்போடு சேர்த்து அணைத்து வைத்துக்கொண்டாள். நடு பிளாட்பாரத்தில்! வளர்த்த அக்கா ஊருக்குப் போகிறாள், கை காட்டவாவது விடக் கூடாதா? அவன் அவளைப் பார்க்கிறான், நகர்கிற வண்டியைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “விடுடி, விடுடி அவன் கையை!” என்று கத்துகிறேன். அவள் காதில் விழாத மாதிரி நிற்கிறாள்.

அந்த வலது கை எழுந்தது. இடுப்புக்கு வந்தது. நடுங்கிக்கொண்டு நெஞ்சுக்கு வந்தது. தோளுக்கு வந்து நின்றது, விரல் ஒவ்வொன்றாக விரிந்தது. நான் கன்னத்தைக் கம்பியில் அழுத்தி, தூண் மறைக்கிற வரைக்கும், கூட்டம் மறைக்கிற வரைக்கும் பார்த்தேன். விடவில்லை அம்மா அவள். கடைசி வரைக்கும் அந்த இடது கையை அவள் விடவே இல்லை.